மூன்று சூரியனும் ஒரு கையெழுத்தும்

பண்ணையில் இப்போது நட்டிருக்கும் தானியங்கிக் கருவியில் குறிப்பு எழுத இடம் இல்லை. வெப்பம், ஈரம், காற்று, மழை எல்லாவற்றையும் அதுவே அளக்கிறது, அதுவே அனுப்பியும் விடுகிறது. திறப்பு விழாவுக்கு, ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டு சால்வை போர்த்தினார்கள். மேடையில் பேசியவர், "இனி மனிதத் தவறுக்கு இடமில்லை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

கேசரி சாப்பிடும்போது எங்கள் பணியாளர் சங்கச் செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பழைய ரிஜிஸ்டர்ல கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சே. அதுல என்னதான் எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுதமாட்டோம்."

"இல்லண்ணே, மூணு சூரியன் கதைன்னு ஒண்ணு சொல்றாங்களே..."

பக்கத்து நாற்காலிகளில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அது நடந்தபோது அவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். நான் மூன்று பண்ணைகளுக்கு மாறுதலாகிப் போனேன். 'மூணு சூரியன்' என்ற பட்டப்பெயருக்கு மட்டும் மாறுதல் வரவே இல்லை.

செயலாளர் நல்ல மனிதர். "நம்ம சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கண்ணே. கசப்பு மட்டும் வேண்டாம்" என்றார். எழுதுகிறேன். கசப்பைப் பற்றி நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். வேதாரண்யம் உப்பளத்தில் இரண்டு கோடை, திருப்பூர் சாயப்பட்டறையில் ஒரு வருடம், பம்பாயில் ஓட்டல் தட்டு, ஆந்திராவில் செங்கல் சூளை, அப்புறம் லாரி கிளீனர். எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. யாரும் துரத்தவில்லை, கால் நிற்காது. உப்பில் பாதம் வெடித்தால் எண்ணெய் கிடைத்தால் தடவலாம். சூளையில் காய்ச்சல் வந்தால் அன்றைக்குச் சோறு பக்கத்து ஆள் போட்டால் உண்டு. இதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

முப்பத்திரண்டு வயதில் குத்தாலத்துக்கு வெளியே இருக்கும் இதே விதைப் பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். வரப்பு வெட்ட வந்தவனை வானிலைப் பதிவில் போட்டதற்கு என் திறமை காரணமல்ல. மற்றவர்களுக்கு வீடு இருந்தது. நான் உரக் கிடங்கின் ஓரத்து அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் ஒரு பகுதியைச் சூரியன் மறைந்த பிறகுதான் செய்ய முடியும். வேறு யாரும் அதுவரை காத்திருக்கத் தயாரில்லை.

அந்த ஒரு பகுதி கண்ணாடி உருண்டை. இரும்பு வளைவில், இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற அளவில் ஒரு கெட்டிக் கண்ணாடி உருண்டை உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் ஒரு நீல அட்டையைச் செருகவேண்டும். வெயில் கண்ணாடி வழியாகக் குவிந்து அட்டையைச் சுடும். சூரியன் நகர நகர, சூட்டுத் தழும்பும் அட்டையில் நகரும். வெயில் கடுமையாக இருந்தால் தழும்பு ஓட்டை போடும், லேசான மேகம் மறைத்தால் பழுப்புக் கோடாக மெலியும், இருண்டால் அறுந்துபோகும். பொழுது சாய்ந்ததும் அட்டையை உருவி, தேதி எழுதி, நாளைக்கு வேறு அட்டை செருகவேண்டும். இப்படி தினமும் சூரியன் மறைகிற நேரத்தில் மேற்கைப் பார்த்து நின்றேன். சம்பளம் வாங்கிக்கொண்டு அஸ்தமனம் பார்த்தவன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மற்ற அளவுகள் மாலை ஐந்தரைக்கு. ஜன்னல் சட்டம் போட்ட வெள்ளை மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். பெட்டியைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு முதலில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் படிக்கவேண்டும், பிறகுதான் முழு டிகிரியை. நம் மூச்சுச் சூடு அதற்குள் புள்ளியை மாற்றிவிடும். பிறகு வானத்தைப் பார்த்து மேகத்தின் அளவு. கடைசியில் குறிப்பு. ரிஜிஸ்டரின் பின்அட்டைக்குள் விதிமுறைத் தாள் ஒட்டியிருந்தது. வானத்தில் வழக்கத்துக்கு மாறாக எது தெரிந்தாலும் தெரிந்தபடியே குறிப்பில் எழுதவேண்டும் என்று அதில் இருந்தது. ஏழாம் வகுப்புக்குப் புரிகிற தமிழ். எனக்குப் புரிந்தது.

இனி மேலாளரைப் பற்றி. அவர் பெயர் வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து ரயிலில் வருவார். யாரையும் ஒருமையில் பேசமாட்டார், கூலிக்காரியைக்கூட வாங்க போங்க என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உட்காருமுன் நாற்காலியில் கைக்குட்டையை விரிப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மதியம் மூன்றரைக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். மூன்றேமுக்காலுக்கு ரிஜிஸ்டரை இழுத்து, மாலை ஐந்தரை வரிசையை அவரே நீலத்தில் எழுதுவார். வெப்பம், நேற்றையதிலிருந்து அரை டிகிரி கூட்டியோ குறைத்தோ. வானம், தெளிவு. மேகம், இல்லை. பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து. பிறகு டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு நாலரை பாசஞ்சருக்குப் போய்விடுவார். இன்னும் வராத ஐந்தரை மணிக்கு அவர் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேடையில் மனிதத் தவறு என்றார்களே, இது தவறிச் செய்தது அல்ல. நாலரைக்குப் பாசஞ்சர் இருந்தது, அவ்வளவுதான்.

மழை பெய்த நாட்களில் மட்டும் மறுநாள் காலை வந்து, அதே நீலப் பேனாவால் 'தெளிவு' என்பதன் பின்னால் 'பிறகு மழை' என்று சேர்ப்பார். எனக்கு விடப்பட்டது குறிப்புக் கட்டமும் அட்டையும்தான். குறிப்பு பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள். இரண்டாம் போகமான தாளடி விதைப்பயிர் முற்றிக்கொண்டிருந்தது. மாலை வெயிலில் கலவன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கலவன் என்றால், ஒரு ரக நெல்லுக்குள் வேறு ரகம் முளைத்து நிற்பது. அதைத் தேடிப் பிடுங்கினால்தான் அந்த வயல் நெல் விதையாகும். இந்த வேலைக்குப் பண்ணையில் ஆறு பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கு முன்னத்தி மல்லிகா. ஆயிரக்கணக்கான கதிருக்கு நடுவில் ஒரு கதிர் ஒரு விரல் உயரமாக இருந்தால் இருபதடியிலிருந்து கை நீட்டுவாள். மேலாளரே அவள் சொன்னபிறகுதான் வயலுக்குச் சான்று எழுதுவார்.

நான் கண்ணாடி உருண்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மல்லிகா வரப்பிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, உருண்டையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே. மேல பாருங்க. சூரியனுக்குக் காவலா ரெண்டு ஆளு நிக்கிது."

"பாக்காதடி, கண்ணு அவிஞ்சு போயிரும்" என்றாள் இன்னொருத்தி.

"தென்னமரத்தால மறைச்சிக்கிட்டுப் பாரு. அப்ப அவியாது."

நானும் போய்த் தென்னை மரத்தில் சூரியனை மறைத்துக்கொண்டு பார்த்தேன். சூரியனுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அதே உயரத்தில் இரண்டு ஒளித்துண்டுகள். சூரியனைப் பார்த்த பக்கம் சிவப்பு, அதற்கடுத்து மஞ்சள், வெளிப்பக்கம் வெள்ளையாக வால் நீண்டிருந்தது. மேலே ஒரு வளையத்தின் துண்டு. மேற்கு முழுக்க வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய மேகம். மல்லிகா கையை நீட்டிச் சாண் விரித்தாள். கட்டைவிரல் சூரியன் மேல், சுண்டுவிரல் அந்த ஒளித்துண்டின் மேல்.

"இந்தப் பக்கம் ஒரு சாணு. அந்தப் பக்கமும் ஒரு சாணு. அளந்து நட்ட மாதிரில்ல இருக்கு" என்றாள்.

கால் மணி நேரம் இருந்திருக்கும். நான் இருட்டுமுன் போய் ரிஜிஸ்டரில் நான்கு வரி எழுதினேன். அதே வரிசையில் 'மேகம், இல்லை' என்று நீலத்தில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. பார்த்ததை எழுது என்று தாளில் இருந்தது, எழுதினேன். அட்டையை உருவினேன். மூன்று மணி வரை ஓட்டை போட்டிருந்த தழும்பு, அதற்குப் பிறகு பழுப்புக் கோடாக மெலிந்திருந்தது.

மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டார்.

"உட்காருங்க சிங்காரம்."

நான் நின்றேன். உட்காரச் சொன்னால் நிற்பதுதான் அங்கே வழக்கம்.

"ஒரே வரிசையில மேகம் இல்லைன்னும் இருக்கு, மேகம் இருக்குன்னும் இருக்கு. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க. படிச்சா என்ன நினைப்பாங்க?"

"மேகம் இருந்துச்சுங்க ஐயா."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"நீங்க போட்டது மூணேமுக்காலுக்குங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்தார். மாட்டிக்கொண்டார். என்னை மிகவும் அக்கறையாகப் பார்த்தார்.

"உங்களுக்குக் கண்ணு எப்படிங்க இருக்கு?"

ஒளியைச் சுற்றி வளையம் தெரிவது கண்நோயின் அடையாளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரே விளக்கினார், பொறுமையாக, ஒரு டாக்டர் மாதிரி. அன்றைக்கே கடிதம் தட்டச்சாகியது: இந்தப் பணியாளருக்கு ஒன்று மூன்றாகவும், வளையங்களாகவும் தெரிவதால் பரிசோதித்து அனுப்பவும். என் குறிப்பு சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டது. வானத்தைத் திருத்த முடியாது, தன் கையெழுத்தைத் திருத்த மனமில்லை, என் கண் கைக்கு எட்டியது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்றேன். கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"லைட்டைப் பார்த்தா சுத்தி வளையம் தெரியுதா?"

"லைட்ல இல்லீங்கம்மா. சூரியன்ல. அதுவும் அன்னிக்கு ஒரு நாளுதான்."

"வேற யாரும் பார்த்தாங்களா?"

"ஆறு பேரு பாத்தாங்கம்மா."

அவர் கருவியில் என் இரண்டு கண்ணையும் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏழு பேருக்கும் ஒரே நாள் வந்து ஒரே நாள் போற கண்நோய் கிடையாதுங்க. சூரியனுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு. அதை எனக்கு அனுப்பக்கூடாதுன்னு உங்க ஆபீசர்கிட்ட சொல்லுங்க" என்று, பார்வை முற்றிலும் சரி என எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளை நாலாய் மடித்து, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் நான் சரி என்று இன்னொருவர் எழுதித்தந்த முதல் தாள் அது.

ஆய்வு நாள் காலை. அதிகாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேலாளர் கூப்பிட்டார். நான் ஆஸ்பத்திரித் தாளை மேசையில் வைத்தேன். படித்தார். "ரொம்ப சந்தோஷங்க" என்று அதை இழுப்பறையில் போட்டார். மூன்று சூரியன் தெரிந்த நாளின் நீல அட்டையையும் கோப்பிலிருந்து எடுத்து அதே இழுப்பறையில் போட்டார். பிறகு இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று, என்னை நிரந்தரப் பணியாளராக்கப் பரிந்துரை. இன்னொன்று, வெயிலில் கண் கூசிக் கலங்கி, இல்லாததை இருந்ததாக எழுதிவிட்டேன், இனி எழுதமாட்டேன் என்று நான் சொல்வதாக.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்து வேணுங்க" என்றார். "ஒண்ணுல மட்டும் போட முடியாது."

மிரட்டவில்லை. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார். எனக்கு முப்பத்துநாலு வயது. அதுவரை நின்ற இடங்களை எண்ணிப் பார்த்தேன். மறுபடி ஒரு பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுக்கத் தெம்பு இல்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. இரண்டிலும் போட்டேன்.

இதை மல்லிகா அறியமாட்டாள். அதிகாரி வந்து ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அவள் களத்திலிருந்து வந்து, குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, இந்த அண்ணனுக்குக் கண்ணு நோவுன்னு எழுதுறாங்களாம். நாங்க ஆறு பேரும் பாத்தோங்க. ஒரு ஏக்கர்ல ஒரு கலவன் நின்னா என்னையத்தான் கூப்புடுறீங்க. நெல்லுல பொய் சொல்லாத கண்ணு வானத்துல மட்டும் பொய் சொல்லுமா? அந்தக் கண்ணாடி உருண்டையும் மேகம்னு அட்டையில மெலிசாத்தானே சுட்டிருக்கு, அதையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களா?"

அதிகாரி சிரித்துவிட்டார். மேலாளர் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நீங்க சொல்றது சரி. ஆனா அவரே தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டாருங்களே."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்படியாண்ணே?"

"ஆமா" என்றேன்.

ஒரு வார்த்தைதான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துக்குத் திரும்பிப் போனாள். அடுத்த வாரம் கலவன் எடுக்கும் கூட்டத்திலிருந்து அவளை மாற்றிக் களம் கூட்டப் போட்டார்கள். இல்லாததைப் பார்க்கிற கண்ணை விதை வயலில் விட முடியாது என்று மேலாளர் காரணம் எழுதினார். என் கையெழுத்துத்தான் அதற்கு ஆதாரம். இரண்டு மாதத்தில் அவள் பண்ணை வேலையை விட்டுவிட்டாள்.

அந்த மேலாளர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒருவன் கண்ணைப் பிடுங்க முடியும் என்பது உப்பளத்திலோ சூளையிலோ நான் பார்க்காதது. அங்கே திட்டுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள், ஆனால் நீ பார்த்ததை நீ பார்க்கவில்லை என்று எழுதி வாங்கமாட்டார்கள்.

நிரந்தரமானேன். அப்புறமும் கால் நிற்கவில்லை. மாறுதல் கேட்டுக் கேட்டு வாங்கினேன். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பண்ணையில், அறுவடை முடிந்து வைக்கோல் கொளுத்திய புகையில், சூரியன் அடி நசுங்கிய சட்டி மாதிரி, இரண்டு அடுக்காகப் பிளந்து இறங்கியதைப் பார்த்தேன். குறிப்பு, காலி. ஒருமுறை லீவில் பூம்புகார் கடற்கரையில் நின்றேன். சூரியன் பின்னால் நிலத்தில் மறைந்துகொண்டிருக்க, முன்னால் கிழக்கே கடல் மேல் கதிர்கள் விசிறி மாதிரி ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. வலை உதறிக்கொண்டிருந்தவர், "என்னா சார், சூரியன் இந்தப் பக்கமும் மறையுதா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, பழக்கம். இருபத்தாறு வருடம் என் கையால் அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்து விழவில்லை. அந்த மாலைகள் எந்த ஏட்டிலும் கிடையாது. அதற்கு மேலாளரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் என்றைக்கோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நானேதான் எனக்கு மேலாளராக இருந்திருக்கிறேன்.

திறப்பு விழா முடிந்து, பழைய ரிஜிஸ்டர்களைச் சாக்கில் கட்டியிருந்த அறைக்குப் போனேன். செயலாளர் அவிழ்த்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் இருந்தது. சிவப்புக் கோடு வெளிறிவிட்டது, அடியில் இருந்த என் எழுத்து வெளிறவில்லை. நான்கு வரியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் சைக்கிளில் மல்லிகா வீட்டுக்குப் போனேன். குத்தாலத்திலிருந்து இரண்டு வாய்க்கால் தாண்டி. வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் தெருவில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நான் சைக்கிளை வேகமாக மிதிப்பேன். அன்று இறங்கி நின்றேன்.

"யாரு, மூணு சூரியனா?" என்றாள். முறத்தை நிறுத்தவில்லை. "கண்ணு தெரிஞ்சுதான் வந்தீங்களா, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"எங்க மலருக்கு எழுதுறேன், மல்லிகா. அன்னிக்குப் பாத்தத. நான் போட்ட கையெழுத்தயும் சேத்து."

"இப்ப எழுதி? எனக்குத் திரும்பக் கலவன் எடுக்கிற வேல குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"உங்க பென்சன நிறுத்துவாங்களா?"

"மாட்டாங்க."

"அதான் எழுதுறீங்க."

அவள் சொன்னது சரி. உமி பறந்து என் சட்டையில் விழுந்தது. கொஞ்சம் புடைத்துவிட்டு அவளே கேட்டாள்.

"ஒரு சாணுன்னு எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"அளந்தது யாரு?"

"நீ."

"எம் பேரு இருக்கா அதுல?"

இல்லை. அன்றைக்கும் நான் எழுதவில்லை. பார்த்தவன் நான் ஒருவன் மட்டும் என்பதுபோல எழுதியிருந்தேன். அவள் பெயர் அந்த வரிசையில் இருந்திருந்தால் ஒரு கையெழுத்தால் அதை அடித்திருக்க முடியாது. கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த எனக்கு அவள் கேட்ட பிறகுதான் இது உறைத்தது.

"போடுறேன்" என்றேன்.

"போடுங்க. உங்க பேருக்கு மேல போடுங்க."

ஆகவே, அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது:

தை மாதக் கடைசி, மாலை 5.50. சூரியனுக்கு இடமும் வலமும், அதே உயரத்தில், நீட்டிய கையில் ஒரு சாண் தூரத்தில் இரண்டு ஒளித்துண்டுகள். சூரியனை நோக்கிய பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் வெள்ளை வால். மேலே வளையத்தின் ஒரு பகுதி. மேற்கு முழுவதும் மெல்லிய உயர் மேகம்.

முதலில் பார்த்தவர், அளந்தவர்: மல்லிகா, கலவன் எடுப்பவர்.

எழுதியவர்: சிங்காரம். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.